தொட்டியும் துணிபும்

ஒரு பொருள் பழுதாகியிருக்கிறதா என்று திறந்து பார்க்கவே பெருஞ்செலவு ஆகும் என்றால், திறந்து பார்க்காமலேயே அது நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும் உரிமை அதன் உடைமையாளருக்கு உண்டா என்னும் வினா, பார்வைக்குப் பணிமனையில் எழும் வினாவாகத் தோன்றினாலும், சமயத் தத்துவத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கின் நடுவே அது நிற்கிறது. அந்த வழக்குக்கு 'நம்பிக்கையின் அறம்' என்று பெயர். செயல்களை நல்லவை, தீயவை என்று மதிப்பிடுவதுபோல, ஒரு கருத்தை மனம் ஏற்றுக்கொள்வதையும் அறத்தின் முன் நிறுத்தி மதிப்பிடலாமா என்று ஆராய்வதே அதன் பொருள். இத்தலைப்பில் ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு (1845–1879) எழுதிய கட்டுரை, 1876 ஏப்ரலில் இலண்டன் மெய்ப்பொருளியல் கழகத்தில் படிக்கப்பட்டு, 1877 ஜனவரியில் 'கன்டெம்பரரி ரெவ்யூ' இதழில் வெளிவந்தது. போதிய சான்று இல்லாமல் எதையும் நம்புவது, யாராக இருந்தாலும், எந்தக் காலத்திலும், எந்த இடத்திலும் தவறு என்பது அவர் வகுத்த விதி. அதை நிலைநாட்ட அவர் எடுத்துக்கொண்ட முதல் சான்றுக்கதை ஒரு பழைய கப்பலைப் பற்றியது.

அக்கதையின்படி, கப்பல் உரிமையாளர் ஒருவர் குடிபெயர்வோர் நிறைந்த தம் கப்பலைக் கடலுக்கு அனுப்ப ஆயத்தமாகிறார். கப்பல் பழையது, கட்டும்போதே அத்துணைச் செம்மையாகக் கட்டப்படாதது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. பயணத்துக்குத் தகுதியற்றதாக இருக்கலாம் என்று சிலர் சொன்னதும் அவர் மனம் கலங்குகிறது. முழுமையாகப் பிரித்துச் செப்பனிட வேண்டுமோ என்று எண்ணுகிறார். அதற்கு ஆகும் செலவு நினைவுக்கு வருகிறது. பிறகு, இத்தனை பயணங்களை முடித்துத் திரும்பிய கப்பல் இம்முறையும் திரும்பாதா, தாய்நாட்டை விட்டுப் பிழைப்புத் தேடிச் செல்லும் ஏழைக் குடும்பங்களை இறையருள் காக்காமல் போகுமா, கப்பல் கட்டுவோரின் நேர்மையை ஐயுறுவது தகுமா என்று ஒவ்வொன்றாக நினைத்து ஐயத்தை அடக்கிவிடுகிறார். கப்பல் உறுதியானது என்ற நம்பிக்கை அவருள் உண்மையாகவே உருவாகிறது. இலேசான மனத்துடன் வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்கியதும் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மனமார நம்பினார் என்பது அவருக்குத் துணைநிற்காது என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. ஏனெனில் தம் முன் இருந்த சான்றைக் கொண்டு அவ்வாறு நம்ப அவருக்கு உரிமையே இல்லை, அந்த நம்பிக்கை பொறுமையான ஆராய்ச்சியால் ஈட்டப்பட்டதன்று, ஐயத்தை நெரித்துப் பெறப்பட்டது.

இக்கதையைக் கேட்டவர்களுக்கு அது வெறும் கற்பனையாகப் பட்டிருக்காது. டெர்பி நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய, உளுத்துப்போன, ஆனால் பெருந்தொகைக்குக் காப்பீடு செய்யப்பட்ட கப்பல்களில் மாலுமிகள் அனுப்பப்பட்டு மாய்வதை 1873-இல் வெளியிட்ட நூலில் அம்பலப்படுத்தியிருந்தார். 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்ற சொற்றொடர் அக்காலப் பொதுப்பேச்சில் வழங்கியது. கிளிஃபோர்டும் 1870 டிசம்பரில் சூரிய கிரகணத்தைக் காணச் சென்ற குழுவில் ஒருவராகச் சிசிலித் தீவின் அருகே கப்பல் தரைதட்டியதில் உயிர்தப்பியவர். கடற்பயணத்தின் இடரை அவர் ஏட்டில் மட்டும் அறிந்தவரல்லர்.

குடிபெயர்வோரின் மரக்கலங்கள் மறைந்துவிட்டன. ஆயினும் கிளிஃபோர்டு எழுப்பிய சிக்கல், இன்னும் கூர்மையான வடிவில், அமெரிக்கக் கடற்கரைகளிலும் ஏரிகளிலும் நிற்கும் பழைய ஃபைபர் படகுகளின் அடியில் கிடக்கிறது. இவ்வகைப் படகுகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி அலுமினியத் தகட்டால் செய்யப்பட்டு, மேல்தளத்துக்குக் கீழே இறக்கப்பட்டு, சுற்றிலும் ஃபோம் எனப்படும் செயற்கை நுரை ஊற்றி இறுக்கப்பட்டு, மேலே தளம் நிரந்தரமாக மூடப்பட்டிருக்கும். அலுமினியம் காற்றுப்பட்டதும் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்ளும் உலோகம்; அப்படலம் கீறப்பட்டாலும் காற்று இருக்கும்வரை மீண்டும் வளரும். ஆனால் நனைந்த நுரையோ ரப்பர் பட்டையோ உப்புநீரைத் தகட்டோடு ஒட்டிவைத்துக் காற்றைத் தடுத்துவிட்டால் படலம் புதுப்பிக்கப்படாது. ஊசிமுனை அளவில் தொடங்கும் குழிகள் வெளியிலிருந்து உள்நோக்கித் துளைத்துச் செல்லும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈர்த்துவைக்கும் நீர் அடியில் தங்கினால் உள்ளிருந்தும் அரிப்பு தொடங்கும். இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கசிந்த பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், வெளியேறிக் கலைந்துவிடாமல், பில்ஜ் எனப்படும் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். காற்றில் அது ஏறத்தாழ 1.4 விழுக்காட்டை எட்டினாலே, தீப்பற்ற ஒரு மின்பொறி போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அறிவதற்கான செலவும் திருத்துவதற்கான செலவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன என்பதாகும். தொட்டியை நேரில் காண மேல்தளத்தை அறுக்க வேண்டும், இறுகிய நுரையைச் சுரண்டி எடுக்க வேண்டும், குழாய்களைக் கழற்ற வேண்டும். இவ்வளவும் செய்தவர் மாற்றும் வேலையில் பெரும்பகுதியை முடித்தவராகிறார். ஆதலால் கையில் பணம் குறைந்தவருக்கு, பார்க்காமல் இருப்பதற்கே ஒரு பொருளாதாரக் காரணம் கிடைத்துவிடுகிறது. சான்று இல்லை என்பது இங்கே இயற்கையின் மறைப்பன்று, விலைகொடுத்து வாங்காத சான்று அது. சமயத் தத்துவ நூல்கள் பெரும்பாலும் சான்று கிடைக்கக்கூடியது, கிடைக்கவே இயலாதது என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. விலையுயர்ந்த சான்று என்ற மூன்றாம் வகையை அவை போதிய அளவு கருதவில்லை.

தளத்தை அறுக்காமல் பெறக்கூடிய மலிவான சான்றும் உண்டு. பெட்ரோலை வெளியேற்றி, தொட்டியின் வாய்கள் அனைத்தையும் அடைத்து, கைப்பம்பால் சிறிது காற்றை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பது அது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அளவில் இருந்தால் போதும். மிகுந்தால் நல்ல தொட்டியே விரிந்து கெடும். இச்சோதனை தொட்டி இன்று கசிகிறதா என்பதற்கு விடை தரும். தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதற்கு விடை தராது. முன்னதற்குக் கிடைத்த விடையைப் பின்னதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான், நல்ல எண்ணமுடைய உடைமையாளர்களும் சான்றின் எல்லையை அறியாமல் கடந்துவிடுகிறார்கள்.

சிக்கனத்தைக் கிளிஃபோர்டின் விதி தடைசெய்வதாகக் கொள்வது பிழை. அளவெடுத்து வெல்டிங் செய்யப்படும் அலுமினியத் தொட்டிக்குப் பதிலாக, கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாலிஎத்திலீன் தொட்டியை வாங்கலாம். ஒரே பெரிய தொட்டியை வெளியே எடுக்கத் தளம் முழுவதையும் பிளப்பதற்கு மாற்றாகச் சிறிய திறப்பின் வழி நுழையும் சிறு தொட்டியோடு நிறைவடையலாம். அறுப்பதையும் சுரண்டுவதையும் கூலி கொடுக்காமல் தாமே செய்யலாம். வெளிப்புற எஞ்சின் பொருத்திய படகாயின், பழைய தொட்டியை வெறுமையாக்கி விலக்கிவிட்டு, கையில் தூக்கிச் செல்லும் தொட்டியால் ஓட்டலாம். பிளாஸ்டிக் தொட்டி பெட்ரோலை உறிஞ்சிச் சுமார் 2 விழுக்காடு பருக்கும் என்பதால் அதற்கு இடம்விட்டுப் பொருத்த வேண்டும் என்பதைப் போன்ற விவரங்களை அறிந்து செய்தால் இவை எல்லாம் குறையற்ற சிக்கனங்களே. பயணத்தூரமும் வசதியும் இங்கே குறைகின்றன. உடைமையாளர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் உண்மை குறைவதில்லை.

இதற்கு நேர்மாறானது, துளைவிட்ட பழைய தொட்டியின் உட்புறத்தில் பூச்சு ஊற்றிக் கசிவை அடைப்பது. அரிப்பு பெரும்பாலும் வெளிப்புறத்தில் நனைந்த நுரையால் நடக்கிறது. பூச்சு உட்புறத்தில் அமர்கிறது. காரணம் தன் வேலையைத் தொடர, கசிவு என்ற அடையாளம் மட்டும் சில காலத்துக்கு மறைகிறது. பழுதுபார்க்கப்பட்டது தொட்டியன்று, தொட்டிக்கு எதிரான சாட்சியம். கிளிஃபோர்டின் உரிமையாளர் மனத்துக்குள் செய்ததைப் பூச்சு ஊற்றுபவர் டப்பாவில் விற்கும் திரவத்தால் செய்கிறார் என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது கடினம். செலவைக் குறைப்பது எங்கே சுயவஞ்சனையாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு கிடைப்பதரிது.

இருப்பினும், ஏழையின் தரப்பில் ஓர் எதிர்வாதம் எஞ்சுகிறது. சான்றுக்கு விலை உண்டென்றால், நம்பும் உரிமை செல்வர்க்கு மட்டுமே உரியதாகிவிடாதா? கிளிஃபோர்டு இதன் ஒரு வடிவத்தை முன்னரே எதிர்கொண்டார்: ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்று சொல்லும் வேலைமிகுந்த மனிதருக்கு, அப்படியானால் நம்புவதற்கும் நேரம் இருக்கலாகாது என்ற கருத்தில் அவர் விடையளித்தார். நேரத்தின் இடத்தில் பணத்தை வைத்தால் விடை இரக்கமற்றதாக ஒலிக்கிறது. ஆனால் அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார். நம்பிக்கையை நியாயப்படுத்தாத அளவு சான்றே இருக்கும்போதும், நிகழக்கூடியவற்றை எடைபோட்டுச் செயலாற்றுவது கடமையாகும் இடங்கள் உண்டு என்பது அது. நம்பாமலும் செயல்படலாம் என்ற இந்த ஒப்புதல், கட்டுரையைப் படிப்பவர்கள் பெரிதும் கடந்து சென்றுவிடும் பகுதியாயினும், ஏழைக்கு வழிவிடுவது இதுவே. மாற்றப் பணமில்லாதவர் தம் தொட்டி நல்லது என்று நம்ப உரிமையற்றவர். ஆயினும் அது கெட்டிருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு, அடிப்பள்ளத்தை மோந்து பார்த்து, விசிறியை நெடுநேரம் ஓடவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, தனியே செல்ல உரிமையுடையவர். ஐயம் அவரிடம் உயிரோடு இருக்கிறது. எச்சரிக்கைகள் அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன. நம்பிக்கை கொண்டவருக்கு அவற்றில் ஒன்றும் தேவைப்படாது.

கிளிஃபோர்டுக்கு எழுந்த மறுப்புகளில் மிகப் புகழ்பெற்றது அமெரிக்க மெய்யியலார் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் நிகழ்த்திய 'நம்புவதற்கான விருப்பம்' என்ற உரை. பிழையைத் தவிர்ப்பது ஒரு நெறி, உண்மையை அடைவது வேறொரு நெறி, பிழைக்கு அஞ்சி உண்மையை இழப்பதும் இழப்பே என்று ஜேம்ஸ் வாதிட்டார். தெரிவு உயிருள்ளதாகவும், தவிர்க்க முடியாததாகவும், பெருவிளைவு உடையதாகவும், அறிவால் தீர்க்க இயலாததாகவும் இருக்குமிடத்தில் உணர்வு முடிவுசெய்யலாம் என்றார். கடவுள் உண்டா என்ற வினாவுக்கு இவ்விலக்கு பொருந்துமா என்பது நீண்ட விவாதம். தொட்டிக்குப் பொருந்தாது என்பது ஒரே வரியில் முடிகிறது, ஏனெனில் அறிவால் தீர்க்க இயலாதது என்ற கடைசி நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை. கப்பல் உரிமையாளர்கள் காலந்தோறும் செய்வது, செலவுமிக்க வினாவைத் தீர்க்க இயலாத வினாவாக வேடமிட்டு ஜேம்ஸின் வாயில்வழியே உள்ளே அனுப்புவதுதான்.

இந்திய அளவை நூல்கள் இவ்விடத்தில் மேலை விவாதத்தைவிட நுண்ணிய கருவிகளைத் தருகின்றன. அளவை என்பது உண்மையறிவைப் பெறும் வழி, வடமொழியில் பிரமாணம். ஏழாம் நூற்றாண்டுக் குமாரிலபட்டரின் மீமாஞ்சை மரபு, தோன்றும் அறிவு ஒவ்வொன்றும் தன்னளவிலேயே செல்லுபடியாகும், வேறு சான்றைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று கொள்ளும். இதற்குச் சுவதப் பிராமாணியம் என்று பெயர். கிளிஃபோர்டின் விதிக்கு இதைவிட எதிரான நிலைப்பாடு இருக்க முடியாது. ஆனால் அவ்வுரிமை பறிபோகும் இரண்டு நிலைகளை அதே மரபு வகுத்திருக்கிறது: முதல் அறிவை மறுக்கும் இன்னோர் அறிவு எழுவது ஒன்று, அறிவைத் தோற்றுவித்த காரணத்திலேயே குற்றம் இருப்பது வெளிப்படுவது மற்றொன்று. அடிப்பள்ளத்தில் எழும் பெட்ரோல் வாடை முதலாவதற்கு இடமளிக்கிறது. இரண்டாவது இன்னும் ஆழமானது. மனிதர் சொல் ஐயுறத்தக்கது, ஏனெனில் ஆசை முதலிய குற்றங்கள் அதன் பிறப்பிடத்தில் உண்டு என்பது மீமாஞ்சகரின் நிலையான வாதம். செலவுக்கு அஞ்சிய மனம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் உறுதிமொழிக்கும் அதே பிறப்பிடம்தான். ஆக, நம்பிக்கைக்கு மிகத் தாராளமாக இடங்கொடுக்கும் மரபின் முன்னும் கப்பல் உரிமையாளர் தோற்கிறார்.

நியாய மரபினர் மறுபக்கம் நின்று, அறிவின் செல்லுபடி வெளியிலிருந்தே உறுதிப்பட வேண்டும் என்பார்கள். எனினும் ஒவ்வொரு செயலுக்கு முன்னும் உறுதிப்பாடு வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. அன்றாட உலகியலில் ஐயத்தோடே மனிதர் செயலில் இறங்குகின்றனர், பலன் கண்ணுக்குத் தெரியாததும் பெரும்பொருள் செலவாவதுமான வேள்வி போன்றவற்றில்தான் முன்கூட்டியே உறுதி தேவை என்ற வகையில் ஒன்பதாம் நூற்றாண்டின் சயந்தபட்டர் வேறுபாடு காட்டுகிறார். சைவ சித்தாந்தத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, இதுவோ அதுவோ என்று ஊசலாடுவதை ஐயக்காட்சி என்றும், ஒன்றை மற்றொன்றாகத் துணிவதைத் திரிவுக்காட்சி என்றும் பிரிக்கிறது. இக்கலைச்சொற்களால் சொன்னால், உரிமையாளர் ஐயத்தில் நின்றவர். அங்கிருந்து ஆராய்ச்சி வழியே துணிபுக்குச் செல்லாமல், நேரே திரிவுக்குள் இறங்கிவிட்டார். ஐயம் அளவைநூலார்க்கு இழிவன்று, அது ஆராய்ச்சியின் தொடக்கம். அதிலிருந்து வெளியேற முறையான வழி ஒன்றிருக்க, அவர் பின்வாசல் வழியே வெளியேறினார்.

கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தால் என்ன என்ற வினாவையும் கிளிஃபோர்டு விடவில்லை. அப்போதும் குற்றம் அணுவளவும் குறையாது, உரிமையாளர் பிடிபடாமல் போயிருப்பார், அவ்வளவே என்கிறார். நியாய நூலோ, செயல் பலிப்பதையே அறிவு மெய்யானதற்கு அடையாளமாகக் கொள்வது. கானல் தாகம் தீர்க்காது, நீர் தீர்க்கும். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினும் அவை வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. கரை சேர்ந்த கப்பல், அது உறுதியானது என்ற கருத்து அம்முறை பொய்யாகவில்லை என்று காட்டலாம். அக்கருத்தைக் கொள்ள உரிமையாளருக்கு உரிமை இருந்தது என்று காட்டாது. உண்மையில் வெற்றி அவருக்குச் செய்யும் கேடு பெரிது. திரும்பிவரும் ஒவ்வொரு பயணமும் அடுத்த ஐயத்தை நெரிக்கப் புதிய சான்றாகிவிடுகிறது. தகடோ ஒவ்வொரு பயணத்திலும் மெலிகிறது. பழைய தொட்டிகளைப் பற்றி உடைமையாளர்கள் சொல்லும் மிகப் பொதுவான வாதம், இத்தனை ஆண்டும் ஒன்றும் ஆகவில்லையே என்பதாகும். அரிப்புக்கு அது எதிர்ச்சான்றன்று, அரிப்புக்குக் கிடைத்த கால அளவு.

இறையருளை நம்பினார் என்ற பகுதியால் கிளிஃபோர்டு சமய நம்பிக்கையின்மீதே அடி விழச் செய்ய விரும்பினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அடி குறிதவறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் கடவுளைச் சோதித்தல் என்ற பாவத்தை ஆராயும்போது, தம்மால் செய்யக்கூடியதைத் தக்க காரணமின்றிச் செய்யாமல் விட்டுவிட்டுக் கடவுளின் துணையை எதிர்பார்ப்பதை அதன்கீழ் அடக்குகிறார். செய்வதற்கு வேறு எதுவும் எஞ்சாத இடரில் கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது அதில் சேராது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டும்படி நபிகளார் அறிவுறுத்தியதாகத் திர்மிதியின் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. ஆகவே கப்பல் உரிமையாளரிடம் இருந்தது மிகுந்த பக்தியன்று. பக்தி எது என்று வரையறுத்த மரபுகளே குற்றம் என்று முன்னரே பெயரிட்டுவைத்த ஒன்று அது. தாம் கொடுக்க வேண்டிய பழுதுச்செலவை அவர் கடவுளின் கணக்கில் எழுதினார்.

தனி மனிதரின் மனத்தை நம்பிச் சட்டம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குப் பிளிம்சாலின் போராட்டம் பெற்ற வெற்றியே சான்று. கிளிஃபோர்டு தம் கட்டுரையைப் படித்த 1876-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய வணிகக் கப்பல் சட்டம், கப்பல் எவ்வளவு ஆழம்வரை மூழ்கலாம் என்பதைக் காட்டும் சுமைக்கோடு கப்பல்களின் பக்கங்களில் தீட்டப்பட வேண்டும் என்று விதித்தது. கோட்டை எந்த உயரத்தில் தீட்டுவது என்பதை மட்டும் உரிமையாளரிடமே விட்டது. அந்த விலக்கு நீங்க 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த கடலோரக் காவற்படையின் விதிகள், உள்ளமைந்த பெட்ரோல் எஞ்சின் கொண்ட படகுகளின் தொட்டி அழுத்தச் சோதனையில் கசியக் கூடாது, இரண்டரை நிமிடத் தீச்சோதனையைத் தாங்க வேண்டும் என்று கேட்கின்றன. ஆனால் அவை கட்டி விற்பவரை நோக்கியவை, வெளிப்புற எஞ்சின் படகுகளுக்குப் பொருந்தாதவை. தம் கொல்லையில் தம் படகின் தளத்தைத் தாமே அறுத்துத் தொட்டியை மாற்றுகிறவர், அல்லது மாற்றாமல் விடுகிறவர், இன்றும் தம் கோட்டைத் தாமே தீட்டிக்கொள்கிறவராகவே இருக்கிறார். தனியே செல்லும்வரை அது அவர் தம் உயிரோடு ஆடும் கணக்கு. வேறொருவரை ஏற்றிக்கொள்வாராயின், தொட்டியின் வயதையும், எப்போது என்ன சோதனை செய்யப்பட்டது என்பதையும், எது சோதிக்கப்படவில்லை என்பதையும் கயிற்றை அவிழ்க்கும் முன் அவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர். அதைச் சொல்லத் தயங்குவாராயின் படகு கரையில் நிற்க வேண்டியதே.